பட்டியல் மூடப்படும் நேரம்

உல்லாசக் கப்பல் பயணத்துக்கான சீட்டில் இரண்டு நேரங்கள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று கப்பல் புறப்படும் நேரம். மற்றது துறைமுகத்தில் பதிவு முடிவடையும் நேரம். மாலை நான்கு மணிக்குப் புறப்படும் கப்பலுக்குப் பிற்பகல் இரண்டரைக்கோ மூன்றுக்கோ பதிவை மூடிவிடுவார்கள். மூன்றேகாலுக்கு வந்து சேர்பவரின் கண்முன்னே கப்பல் கட்டியபடியே நிற்கும். ஏறுபாதையைக்கூட இன்னும் எடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர் ஏறமுடியாது. கலியாண வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப்போனால்தான் சரியான நேரம் என்று பழகிவிட்ட எம்மவருக்கு இது பெரிய அநியாயமாகவே படும். கப்பல் நிற்கிறது, ஏற்றினால் என்ன?

கப்பலைப் பொறுத்தவரை ஏற்றலாம்தான். ஆனால் உள்ளே போனவர்களின் பெயர்ப் பட்டியல் அதற்கிடையில் மூடப்பட்டு அனுப்பப்பட்டிருக்கும். அமெரிக்கத் துறைமுகங்களில் 2007ஆம் ஆண்டின் விதிப்படி, கப்பல் புறப்படுவதற்குக் குறைந்தது 60 நிமிடங்களுக்கு முன்னர் எல்லோருடைய விபரமும் எல்லைக் காவல் திணைக்களத்துக்குப் போய்ச் சேரவேண்டும். பயணி பிந்துவது இந்தப் பட்டியலுக்குத்தான். இந்தப் பட்டியல் எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்பது கொஞ்சம் நீண்ட கதை. அந்தக் கதைக்குள் நாமும் ஓரிடத்தில் வருகிறோம்.

கப்பலுக்குப் பிந்துதல் என்ற சங்கதியே இருநூறு வருடத்துப் பழையதுதான். அதற்கு முன் அத்திலாந்திக்கைக் கடக்கும் பாய்க்கப்பல்கள், சரக்கு நிறையும்வரை, பிறகு காற்றுத் திரும்பும்வரை துறைமுகத்தில் கிடந்தன. பயணிதான் நாட்கணக்கில் காத்திருந்தான். 1818 ஜனவரி 5ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்ட 'ஜேம்ஸ் மன்றோ' என்ற கப்பல் இந்த வழக்கத்தை உடைத்தது. பிளாக் போல் நிறுவனம் முன்கூட்டியே அறிவித்த நாளில், பனி கொட்டக் கொட்ட, எட்டே எட்டுப் பயணிகளுடன் அது போனது. நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நாளில் புறப்படும் என்பதுதான் அந்த நிறுவனத்தின் வியாபாரம்.

ஆனால் ஏழைக் குடியேறிகள் ஏறிய கப்பல்கள் எல்லாம் அப்படி மாறிவிடவில்லை. லிவர்பூலில் கையிலிருந்த காசு கரையும்வரை குடும்பங்கள் காத்துக்கிடந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானியச் சட்டம் இதற்கு ஒரு வழி செய்தது. குறித்த நாளில் கப்பல் புறப்படாவிட்டால் காத்திருக்கும் பயணிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கப்பற்காரர் படிப்பணம் கொடுக்கவேண்டும். பிந்தினால் தண்டம் கப்பலுக்கு! இன்று சீட்டின் பின்புறத்துப் பொடி எழுத்துக்களை வாசிப்பவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும்.

பட்டியல் பிறந்ததும் ஏறக்குறைய இதே மனநிலையில்தான். 1819இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. கீழ்த்தளங்களில் ஆட்களை மூட்டைபோல அடுக்கிக்கொண்டு வந்ததால் வழியில் செத்தவர்கள் ஏராளம். ஆகவே கப்பலின் ஐந்து தொன்னுக்கு இரண்டு பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்றும், வந்திறங்கியதும் ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில், நாடு ஆகியவற்றைச் சுங்க அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றும் அது விதித்தது. வழியில் இறந்தவர்களையும் அந்தத் தாளில் காட்டவேண்டும். கப்பற்காரன் ஏற்றிய மனிதர்களுக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட பட்டியல் அது.

எழுபது வருடங்களில் அதன் குணம் மாறிவிட்டது. 1891இன் அமெரிக்கச் சட்டம், திருப்பி அனுப்பப்படுபவரைக் கப்பல் நிறுவனமே தன் செலவில் கொண்டுபோக வேண்டும் என்றது. 1893இன் சட்டம் பட்டியலைப் புறப்படும் துறைமுகத்திலேயே நிரப்பச் சொன்னது. முப்பது பேருக்கு மேற்படாத தாள்களாகப் பிரித்து, ஒவ்வொருவர் கையிலும் தாளின் இலக்கமும் அதில் அவருடைய வரிசை இலக்கமும் எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். எலிஸ் தீவின் பழைய புகைப்படங்களில் கோட்டில் குத்தியபடி தெரிவது அப்படியான சீட்டுத்தான்.

இதில் இருந்து எல்லை இடம்பெயர்ந்துவிட்டது. நியூயோர்க்கில் மறுக்கப்படக்கூடியவரை ஹம்பேர்க்கிலேயே நிறுத்துவது நிறுவனத்துக்கு மலிவு.

ஹம்பேர்க் என்றதும் அல்பேட் பலின் என்ற மனிதரைச் சொல்லாமல் அப்பால் போகமுடியாது. குடியேற்ற முகவர் ஒருவரின் மகன், யூதர். ஹப்பாக் கப்பல் நிறுவனத்தை உலகின் மிகப் பெரியதாக வளர்த்தவர். குளிர்காலத்தில் அத்திலாந்திக்கைக் கடக்க ஆட்கள் குறைவு. பெரிய கப்பல் சும்மா கிடந்தால் நட்டம். எனவே 1891 ஜனவரி 22ஆம் திகதி 'ஓகுஸ்ரா விக்ரோறியா' என்ற கப்பலில் 241 பயணிகளை ஏற்றி, குக்ஸ்ஹாஃபனிலிருந்து மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்ட அனுப்பினார். போகவேண்டிய இடமென்று ஒன்றில்லாமல், போவதற்காகவே போகும் பயணம். இன்றைய உல்லாசக் கப்பல் தொழில் தன் பிறந்தநாளாகப் பெரும்பாலும் அந்த நாளையே சொல்லிக்கொள்கிறது.

அடுத்த வருடம் ஹம்பேர்க்கில் கொலரா பரவியது. சுமார் 8,600 பேர் இறந்தார்கள். ரஷ்யாவிலிருந்து வந்த குடியேறிகள்தான் கொண்டுவந்தார்கள் என்று ஊர் பேசியது. நகரத்தின் குடிநீர் வடிகட்டப்படாத ஆற்றுநீராக இருந்ததைப் பற்றிப் பேசுவதைவிட அது சுலபம். பலின் 1901இல், எல்ப் ஆற்றின் அக்கரையில் ஃபெடல் என்ற இடத்தில் குடியேறிகளுக்கான மண்டபங்களைக் கட்டினார். ரயில் நகருக்குள் நுழையாமல் நேரே அங்கு போகும். ஒரு பக்கம் அசுத்தப் பகுதி, மறுபக்கம் சுத்தப் பகுதி. வந்தவர் குளிக்கவேண்டும், உடுப்புகளை நீராவியில் அவிக்கக் கொடுக்கவேண்டும், வைத்தியர் பார்க்கவேண்டும். அதன் பிறகே அடுத்த பக்கம். யூதர்களுக்குத் தனிச் சமையலறை இருந்தது, தொழுகையிடங்கள் இருந்தன. அன்றைய நிலையில் அது மோசமான இடமல்ல. ஆனால் வெளியே போகமுடியாது. சிலர் சில நாட்கள், சிலர் வாரக்கணக்கில் அங்கிருந்தார்கள். அதே நிறுவனம் 1902இல் குக்ஸ்ஹாஃபனில் திறந்த அழகிய மண்டபத்துக்கோ உயர் வகுப்புப் பயணி ரயிலில் வந்து இறங்கி, அப்படியே நடந்து கப்பலேறலாம். ஒரே முதலாளி, ஒரே கடல். நேரத்துக்கு வருதல் என்பதற்கு இரண்டு அர்த்தங்கள்.

ஃபெடல் மண்டபங்களைப் பற்றி வாசிக்கும் தமிழருக்கு இன்னொரு மண்டபம் நினைவுக்கு வராமல் இராது. இராமேஸ்வரத்துக்கு இக்கரையிலுள்ள மண்டபம் முகாம். இந்திய மண்ணில், இலங்கை அரசின் நிர்வாகத்தில் இருந்தது. தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை அங்கே நாட்கணக்கில் தடுத்துவைத்து, குளிக்கவைத்து, அம்மைப்பால் குத்தி, பெயர் பதிந்துதான் தலைமன்னார்க் கப்பலுக்கு விட்டார்கள். முதல் வகுப்புப் பயணிக்கு இந்தத் தங்கல் இல்லை. 1964 ஒப்பந்தத்தின் பின் அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டபோதும், 1983க்குப் பின் எமது சனம் படகேறிப் போனபோதும், பதிவு அதே முகாமில்தான் நடந்தது.

பட்டியலில் இருப்பது எல்லாம் உண்மை என்றும் சொல்லமுடியாது. 1912 ஏப்ரல் 10ஆம் திகதி சவுதாம்ரனில் ரைட்டானிக் நண்பகலில் புறப்பட்டது. முதல் வகுப்புக்கான விசேட ரயில் பதினொன்றரைக்குத்தான் வந்தது. இரண்டாம், மூன்றாம் வகுப்பினர் காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். கரி தள்ளும் வேலைக்கு ஒப்பந்தமாகியிருந்த ஸ்லேட் சகோதரர்கள் மூவர், குறுக்கே போன ரயிலொன்றால் சில நிமிடங்கள் தாமதித்து வந்து திருப்பப்பட்டார்கள். அவர்களுடைய இடத்துக்குக் கரையில் காத்திருந்த வேறு ஆட்களை எடுத்தார்கள். இரண்டாம் வகுப்பில் 'ஹொஃப்மன்' என்ற பெயரில் பதிந்திருந்த மனிதர் உண்மையில் மிஷேல் நவ்ராத்தில். பிரிந்துவிட்ட மனைவிக்குத் தெரியாமல் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு போனவர். தந்தை இறந்தார். பிழைத்த குழந்தைகள் யாருடையவை என்று பட்டியலைப் பார்த்து எவருக்கும் சொல்ல முடியவில்லை. பத்திரிகைப் படத்தைப் பார்த்துத் தாய்தான் அடையாளம் கண்டாள்.

எல்லோரும் நேரத்துக்கு வந்து, எல்லாத் தாளும் சரியாக இருந்து, எதுவும் உதவாமல் போன பயணமும் உண்டு. 1939 மே 13ஆம் திகதி ஹம்பேர்க்கிலிருந்து 937 பயணிகளுடன் 'சென் லூயிஸ்' புறப்பட்டது. பலினின் அதே ஹப்பாக் நிறுவனத்துக் கப்பல். உல்லாசப் பயணங்களுக்கும் ஓடியதுதான். பலின் 1918இலேயே இறந்துவிட்டார். அவர் பெயரைத் தாங்கிய கப்பலின் பெயரை நாசிகள் ஆண்ட 1935இல் மாற்றியிருந்தார்கள். பயணிகளில் மிகப் பெரும்பாலானோர் யூதர்கள். காசு கொடுத்து வாங்கிய கியூபா அனுமதிச் சீட்டுகள் அவர்களிடம் இருந்தன. கப்பல் புறப்படுவதற்கு எட்டு நாட்களுக்கு முன்பே கியூபா அரசு அவற்றைச் செல்லாதவை ஆக்கிவிட்டது. ஹவானாவில் 28 பேரைத்தான் இறங்கவிட்டார்கள். அமெரிக்காவும் கனடாவும் மறுத்தன. கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. ஐரோப்பியப் பெருநிலத்தில் இறக்கப்பட்ட 620 பேரில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள்.

இனி எங்கள் பக்கத்துக்கு வரலாம். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கும் மேற்பட்ட தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். மேற்கு ஜேர்மனியில் ஏறியவர்களை ஒரு சரக்குக் கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அந்தக் கப்பலுக்குப் பதிவு மேசை இல்லை, பட்டியலும் இல்லை. படகுகள் மூழ்கியிருந்தால் எத்தனை பேர் என்பதே தெரிந்திராது.

ஆறு மாதத்தின் பின், 1987 பெப்ரவரியில், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஏறக்குறைய அறுபது தமிழர்கள் புகலிடம் கேட்டார்கள். திருப்பியனுப்ப விமானத்துக்குக் கொண்டுபோனபோது அவர்களில் பலர் உடுப்பைக் களைந்து உள்ளாடையுடன் நின்று மறுத்தார்கள். படங்கள் உலகமெங்கும் வந்தன. மார்ச் 3ஆம் திகதி உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹேர்ட் பாராளுமன்றத்தில் புதிய சட்டமொன்றை அறிவித்தார். தகுந்த ஆவணம் இல்லாத ஒருவரைக் கொண்டுவரும் விமானத்துக்கோ கப்பலுக்கோ ஆளொன்றுக்கு 1,000 பவுண் தண்டம். 1991இல் அது 2,000 ஆனது. பதிவு மேசையில் இருக்கும் பெண்பிள்ளை அன்றிலிருந்து சம்பளமில்லாத குடிவரவு அதிகாரியும் ஆனாள்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை, மார்ச் 6ஆம் திகதி, பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்திலிருந்து 'ஹெரல்ட் ஒஃப் ஃபிறீ என்ரபிறைஸ்' என்ற பிரித்தானியக் கப்பல் முன்கதவு திறந்தபடியே புறப்பட்டு, சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். நேரத்துக்கு, முடிந்தால் நேரத்துக்கு முன்பே புறப்படவேண்டும் என்று நிறுவனம் கொடுத்த நெருக்குதலை விசாரணை அறிக்கை கடுமையாகச் சொன்னது. கப்பலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு இருக்கவில்லை. பயணிகள் தொகையை 'ஏறக்குறைய' என்றுதான் எழுதவேண்டியிருந்தது. 1988இல் பிரித்தானியா இத்தகைய கப்பல்களுக்கு ஆளுக்கொரு போடிங் கார்ட் வேண்டும் என்று விதித்தது. பால்ரிக் கடலில் 1994 செப்ரெம்பர் 28ஆம் திகதி 'எஸ்ரோனியா' மூழ்கி 852 பேர் இறந்தபின், 1998இல் ஐரோப்பிய ஒன்றியம், 20 மைலுக்கு மேற்பட்ட பயணங்களில் ஒவ்வொருவர் பெயரையும் பதியவேண்டும் என்றது.

ஒரே வாரத்தில், ஒரே நாட்டில், ஒரு பட்டியல் எம்மை ஏறவிடாமல் இறுக்கப்பட்டது. இன்னொரு பட்டியல் இல்லாமையால் செத்தவர்களை எண்ணமுடியாமல் போனது. எங்கள் ஆட்களிடம் முதலாவதைப் பற்றிய கோபம் நிறைய உண்டு, நியாயமான கோபம். ஆனால் பெயர் பதிவதையே வெறுப்பவர்களோடு என்னால் முழுக்க உடன்பட முடியவில்லை. நியூபவுண்லாந்துப் படகுகளை நினைத்தால் முடியாது.

மிகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1985 ஒக்டோபர் 7ஆம் திகதி 'அக்கில்லே லாவுறோ' உல்லாசக் கப்பலைக் கைப்பற்றிய நால்வரும் ஜெனோவாவில் சாதாரணப் பயணிகளாக ஏறியவர்கள். பைகளைச் சோதிப்பது அதன் பிறகு வந்தது; 2004 யூலையிலிருந்து அது சர்வதேசப் பாதுகாப்பு விதிக்கோவையின் பகுதியாகவே ஆனது. 2012 ஜனவரி 13ஆம் திகதி 'கொஸ்ரா கொன்கோர்டியா' பாறையில் மோதியபோது, அன்று மாலை சிவிற்றாவெக்கியாவில் ஏறிய சுமார் 700 பேருக்கு அபாய ஒத்திகை நடக்கவில்லை. 24 மணித்தியாலத்துக்குள் நடத்தலாம் என்பது அன்றைய விதி. 32 பேர் இறந்தார்கள்; இந்தியப் பணியாளர் ஒருவரின் உடல் 2014 நவம்பரில்தான் கிடைத்தது. 2015 ஜனவரி முதல், ஒத்திகை புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனேயோ நடந்தாகவேண்டும். எனவே ஏறுவதும் அதற்கேற்ப முந்தியே முடியவேண்டும்.

அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு பழைய சட்டம் குறுக்கே நிற்கிறது. 1886இன் அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களைக் கொண்டுபோக முடியாது. உல்லாசக் கப்பல்களில் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். மயாமியில் தவறவிட்டவர் கீ வெஸ்ரில் ஏறி, பயண முடிவில் மயாமியில் இறங்கினால் கப்பலுக்குத் தண்டம்.

இப்போது பல நிறுவனங்கள் பயணிக்கு முன்கூட்டியே அரைமணி நேரத் துண்டொன்றை ஒதுக்குகின்றன. கனடாவினதோ பிரித்தானியாவினதோ கடவுச்சீட்டை நீட்டுகிறவர் சில நிமிடங்களில் உள்ளே போய்விடுகிறார். அகதிப் பயண ஆவணத்தை நீட்டுகிறவரை இன்னொரு மேசைக்கு அனுப்புவார்கள். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா உண்டா என்று அங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஒரு துறைமுகத்தின் விசா இல்லையென்றாலும் முழுப் பயணத்துக்கும் ஏற்றமறுக்கும் நிறுவனங்கள் உண்டு. சந்தேகம் வந்தால் எங்கோ உள்ள அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பார்கள். மறுமொழி வரும்வரை சுவரோரக் கதிரையில் இருக்கவேண்டும். அதனால் அந்த ஆவணத்தோடு போகும் குடும்பங்கள் சீட்டில் குறித்த நேரத்தைப் பார்ப்பதில்லை. காலையில் கதவு திறக்க முன்னரே வாசலில் நிற்கிறார்கள்.