தஞ்சாவூர் கலைத்தட்டு

பித்தளைத் தட்டின்மேல் வெள்ளி, செம்புத் தகடுகளில் எழுப்பிய புடைப்புருவங்களைப் பொருத்திச் செய்யும் அலங்காரத் தட்டு. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்தில் இக்கலை உருப்பெற்றது என்பது மரபு. இது புவிசார் குறியீடு பெற்றது.

வேலை அச்சில் தொடங்குகிறது. உருவத்தைக் குழிவாகச் செதுக்கிய உலோக அச்சின்மேல் மெல்லிய தகட்டை வைத்து அடிப்பார்கள்; தகடு குழிக்குள் இறங்கி, மறுபுறம் நடராசரோ மயிலோ மேடாக எழும். பின்பக்கப் பள்ளத்தில் செங்கல் தூள், குங்கிலியம், எண்ணெய் கலந்து காய்ச்சிய அரக்கை நிரப்புவர். அது உள்ளே தாங்கி நிற்பதால்தான், சிற்றுளி பட்டு, நகையும் ஆடை மடிப்பும் புருவமும் தெளியும்போது மெல்லிய தகடு நசுங்குவதில்லை. பிறகு உருவத்தின் விளிம்பை அடித்தட்டில் வெட்டிய காடிக்குள் இறக்கி, தட்டி இறுக்குவர். நடுவட்டத்தில் தெய்வம், சுற்றிலும் பூவேலை என்பது வழக்கமான அமைப்பு.

அச்சில் அழுத்திய உலோகம் வீட்டுக் கூரைக்கும் ஏறியது. செட்டிநாட்டு மாளிகைகளின் உட்கூரைகளுக்குப் புடைப்புத் தகடுகள் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தன. அவை ஆலையில் பிறந்தவை. ஒரே பூ வரிசை வரிசையாகத் திரும்ப வரும். தஞ்சைத் தட்டிலோ அச்சு பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதியை உளி பிடித்த கை முடிக்கிறது. இதன் மதிப்பும் அந்தக் கைவேலையில்தான். வாங்குவோர் பளபளப்பைப் பார்க்காமல், உருவத்தின் முகத்தில் உளி வேலை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.