செயற்கைச் செவி

பிறவியிலேயோ நோயினாலோ உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்துபோய், ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரணக் காதுக்கருவியால் யாதொரு பிரயோசனமும் அடைய முடியாதவர்க்கு, ஒலியை மின்துடிப்பாக மாற்றிச் செவிநரம்பிடம் நேரே சேர்ப்பிக்கும் பொருட்டுச் சத்திரசிகிச்சையால் பதிக்கப்படும் சாதனம் செயற்கைச் செவி எனப்படும். வைத்தியசாலைகளில் இதனைக் கொக்லியர் இம்பிளான்ட் என்கிறார்கள். காதின் பின்புறம் அணியும் ஒலிபகுப்பான் ஒன்று; தோலுக்கடியில் இருத்தப்பட்டு, இரண்டரைச் சுற்றாகச் சுருண்ட நத்தைச்சுருளினுள் மெல்லிய மின்வாய்களை நீட்டியிருக்கும் ஏற்பி மற்றொன்று. இரண்டையும் தோலின் இருபுறத்துக் காந்தங்கள் இணைத்து நிறுத்துகின்றன.

மின்சாரத்தால் செவிப்புலனை எழுப்பலாம் என்பதைத் தம் தேகத்திலேயே பரீட்சித்தவர் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா. தாம் கண்டுபிடித்த மின்கல அடுக்கின் முனைகளை உலோகக் கோல்களால் இரு காதுகளுக்கும் தொடுத்துக்கொண்ட அவர், தலைக்குள் ஓர் அதிர்ச்சியும், கெட்டியான திரவம் கொதிப்பது போன்ற ஓசையும் உண்டானதாக 1800-ஆம் ஆண்டு எழுதினார். அப்பரீட்சையைத் திரும்பத் திரும்பச் செய்ய அவருக்கு மனமில்லை. 1957-இல் பாரிஸ் நகரில் ஜூர்னோ, எய்ரியே என்னும் இருவர் முற்றும் செவிடான ஒருவருக்குள் முதன்முதல் கருவியொன்றைப் பதித்தனர். அவர் பேச்சின் தாளத்தை உணர்ந்தார்; கருவியோ விரைவில் பழுதாயிற்று. 1961-இல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் என்பவர் முயன்றபோது, சுமார் முப்பதினாயிரம் நரம்பிழைகள் செய்யும் காரியத்தைச் சில கம்பிகள் செய்யுமென்பது பேராசையே என்று சாஸ்திர நிபுணர் பலர் ஆட்சேபித்தனர். அந்த ஆட்சேபம் அறிவற்றதன்று.

அதற்கு விடை தேடியவருள் ஒருவர் ஆஸ்திரேலிய வைத்தியர் கிரேம் கிளார்க். செவிப்புலன் குன்றிய மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மைந்தரான இவர், வளைந்து வளைந்து செல்லும் சுருளுக்குள் பல மின்வாய்களை ஊறுபாடின்றி எவ்வாறு நுழைப்பது என்று திகைத்திருந்த காலத்தில், 1977-இல் கடற்கரையில் கிடந்த சங்கொன்றை எடுத்து, அதற்குள் புல்லிதழைச் செலுத்திப் பார்த்தார். நுனி நெகிழ்ந்தும் அடி சற்று விறைத்தும் இருந்த புல் உள்ளே வழுக்கிச் சென்றது. மின்வாய்த் தொடரையும் அவ்வண்ணமே அமைத்து, 1978 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மெல்பேர்ண் நகரில், விபத்தில் செவியிழந்த ஒருவருக்குப் பதித்தார். வியன்னாவில் இங்கெபோர்க் ஹோக்மைர், எர்வின் ஹோக்மைர் தம்பதியர் உருவாக்கிய பல மின்வாய்க் கருவி 1977 டிசம்பரிலேயே பதிக்கப்பட்டிருந்தது. கிளார்க் வழிவந்த, 22 மின்வாய்கள் கொண்ட கருவிக்கு அமெரிக்க அரசின் அனுமதி 1985-இல் பெரியவர்களுக்கும், 1990-இல் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளுக்கும் கிடைத்தது.

குழந்தைகளுக்குக் கிடைத்த அனுமதியே இச்சரித்திரத்தின் பெருந்திருப்பம் என்பது எமது அபிப்பிராயம். பேச்சறிந்தபின் செவியிழந்தவர் பழைய நினைவைக் கொண்டு புதிய ஓசையை ஓரளவு அடையாளங் காண்பார். பிறவிச் செவிடான சிசுவுக்கோ முதற் சில ஆண்டுகளுக்குள் ஒலி எட்டாவிடில் மூளையின் கேள்விப் பகுதி வேறு உபயோகங்களுக்குச் சென்றுவிடுகிறது. உறவுமுறைத் திருமணம் மிகுந்த தென்னிந்தியாவில் பரம்பரைச் செவிடு அதிகமாதலால், இவ்விஷயம் தமிழர்க்கு அந்நியமானதன்று. சென்னையில் மோகன் காமேஸ்வரன் முதலிய நிபுணர்கள் இச்சிகிச்சையை வளர்த்தனர். தமிழ்நாட்டரசின் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குழந்தைகளுக்கும் இதனை எட்டச் செய்தது. இலங்கையில் 1912-இல் இரத்மலானையிலும், பின்னர் 1956-இல் கைதடியிலும் தோன்றிய செவிப்புலனற்றோர் பாடசாலைகளே நெடுங்காலம் புகலிடமாயிருந்தன. சிகிச்சை பிற்காலத்தில் வந்தது.

ஆயினும் கருவியைப் பதிப்பது சில மணி நேர வேலை. சில வாரங்களுக்குப்பின் அதனை முடுக்கி, ஒவ்வொரு மின்வாய்க்கும் தகுந்த மின்னளவை நிர்ணயிப்பதும், மாதக்கணக்காய்ப் பேச்சுப் பயிற்சி அளிப்பதுமே உண்மையான சிகிச்சை. இலங்கையில் மடுல்சீமை போன்றதொரு மலைத் தேயிலைத் தோட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். தாய் கொழுந்து பறிக்கப் போனபின் பகல் முழுதும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் கிடக்கும் குழந்தை கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதை, ஆயம்மாவோ மிட்வைப்போ முதலில் கவனித்தாக வேண்டும். பிறகு பசறை வழியாகப் பதுளைக்கு பஸ் பிடித்து, அங்கிருந்தும் மேலே அனுப்பப்பட்டால் கொழும்புக்கும் செல்ல வேண்டும். ஒரு பயணமென்றால் ஒரு நாட்சம்பளம் போயிற்று. பயிற்சிக்கோ எத்தனையோ பயணங்கள். வடகீழ்ப் பருவ மழையும் மூடுபனியும் ஒலிபகுப்பானுக்குப் பகை. இரவுதோறும் ஈரமுறிஞ்சும் பொருளிட்ட டப்பாவில் அதை வைத்தெடுக்க வேண்டும். இரைச்சலினூடே பேச்சைப் பிரித்தறிவதில் இக்கருவி இன்றும் பலவீனமுடையதாதலால், தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் தகரக் கூரையில் மழை விழுகையில், நகரத்து அமைதியான அறையில் நன்கு கேட்ட பிள்ளைக்கும் தாயின் சொல் விளங்காமற் போகலாம். தேயும் மின்கலம், அறுந்துபோகும் கம்பி ஆகியவற்றின் செலவை இலவச சத்திரசிகிச்சை தீர்ப்பதில்லை.

நரம்போடு இணையும் ஏனைய சாதனங்களிலும் இத்தகைய குறைகள் உண்டு. பார்வையிழந்தோர்க்கென 2013-இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஆர்கஸ் என்னும் விழித்திரைக் கருவியை அதன் கம்பெனி சில ஆண்டுகளில் கைவிட்டதால், அணிந்தவர்கள் பழுது பார்க்க ஆளின்றித் தவித்தனர். செவிநரம்பே இல்லாதவர்க்கு நத்தைச்சுருளை விடுத்து மூளைத்தண்டிலேயே மின்வாய் பதிக்கும் முறை 1979-இல் ஹவுஸ் கூட்டத்தாரால் தொடங்கப்பட்டு, பின்னர் சென்னையிலும் கைக்கொள்ளப்பட்டது. அதன் பலன் பெரும்பாலும் செயற்கைச் செவியினும் குறைந்தது.