எச்சில், சைவம், பொட்டலம்: நாயின் வயிறு குறித்துச் சில குறிப்புகள்

1

2016-இல் சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது ஒரு வீட்டுக்காரர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். முதலாவது, சொந்த ஊர் எது என்பது. அதன் உட்பொருள் என்ன என்பது வாசகர்களுக்குத் தெரியும். இரண்டாவது, 'சாப்பாடெல்லாம் எப்படி?' என்பது. ஏற்கனவே ஆறு வீடுகளில் உண்மையைச் சொல்லி வாசலோடு திரும்பியிருந்தேன். ஆகவே ஏழாவது வீட்டில் 'சைவம்தான் சார்' என்றேன். மூன்றாவது கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. என் காலடியில் படுத்திருந்த நாயைக் காட்டி, 'இது?' என்றார். 'அதுக்கும் தயிர்சாதந்தான்' என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது. என் சொல்லை அவர் முழுசாக நம்பவில்லை. நாய்தான் நம்ப வைத்தது. 'நாயே சைவம்னா...' என்று இழுத்துவிட்டு, உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தார்.

அடுத்த இரண்டு வருஷம் கறுப்பி (அதுதான் அவள் பெயர்) தயிர்சாதம் தின்றாள். நாங்கள் வேண்டியதை வெளியே ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டோம். அவளுக்கு ஓட்டல் கிடையாது. நான் சொன்ன பொய்யை உடம்பால் காப்பாற்றும் பொறுப்பு அவள்மேல் விழுந்தது. நாய் தாவர உணவு தின்று வாழுமா என்பதை உயிரியல் கேள்வியாக மட்டுமே கேட்பது வழக்கம். அதற்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

நாயை 'மாமிச பட்சிணி' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது ஓநாயின் வம்சம் என்பதும், பல்லும் குடலும் பெரிதும் ஓநாயின் சாயலில்தான் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தச் சித்திரத்தைக் கொஞ்சம் கலைத்தது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமிலேஸ் என்ற நொதியை உண்டாக்கும் மரபணு, ஓநாயிடம் இரண்டு படிகளாக மட்டுமே இருக்கிறது; நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது படிகள்வரை இருக்கின்றன. 2016-இல் வந்த இன்னோர் ஆய்வு, பழைய நாய் எலும்புகளைச் சோதித்து, இந்த மாற்றம் சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பிய விவசாயக் குடியிருப்புகளில் தொடங்கிவிட்டதைக் காட்டியது. விவசாயம் காலூன்றாத இடங்களின் நாய்கள், உதாரணமாக ஆஸ்திரேலியாவின் டிங்கோ, பழையபடி இரண்டு படிகளோடு நின்றுவிட்டன.

இதன் அர்த்தம் என்ன? மனிதன் தானியத்தை விதைத்தான், அறுத்தான், குதிரில் சேர்த்தான். நாய் குதிருக்கு வெளியே காத்திருந்தது. உழுதவனுக்கே மாமிசம் அபூர்வமாகிப் போன சமூகத்தில் நாய்க்கு மாமிசம் யார் போடுவார்? அதற்குக் கிடைத்தவை கஞ்சி, களி, அடிப்பானைத் தீய்ச்சல். இதைத் தின்று பிழைத்த நாய் குட்டி போட்டது, மற்றது செத்தது. நாயின் குடலில் எழுதப்பட்டிருப்பது அகிம்சையின் வரலாறு அல்ல, பற்றாக்குறையின் வரலாறு. நம்மூர்ச் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தும் வேட்டை நாய்கள். அவற்றையும் கரிசல் காட்டில் கூழும் கஞ்சியும் ஊற்றித்தான் வளர்த்தார்கள். யாரும் அதைச் 'சைவம்' என்று சொல்லவில்லை. இருந்ததைப் போட்டார்கள், அவ்வளவுதான்.

3

'இருந்ததைப் போடுவது' ஒரு பக்கம். 'இன்னதைப் போடாதே' என்பது இன்னொரு பக்கம். அதிகாரம் பேசத் தொடங்குவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் வர்ரோ தன் வேளாண்மை நூலில் மந்தை நாய்க்கு என்ன போட வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறார். வாற்கோதுமை ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் போடு. எலும்புச் சாறும் கொடுக்கலாம். ஆனால் செத்த ஆட்டின் கறியை மட்டும் தின்ன விடாதே, ருசி கண்டுவிட்டால் அடக்கம் போய்விடும் என்கிறார். இங்கே கறியை விலக்குவது நாயின் நலனுக்காக அல்ல, ஆட்டின் மேலுள்ள கருணையாலும் அல்ல. அந்த ஆடு ஒருவனுடைய சொத்து. காவல்காரன் காக்கும் பொருளின் ருசியை அறியக்கூடாது. நெல்லுக்குக் காவல் இருந்தவனுக்கு நெல்லுச்சோறு விசேஷ நாளில் மட்டும் வாய்த்த கதையை அறிந்தவர்களுக்கு வர்ரோவின் தர்க்கம் புதிதாகத் தோன்றாது.

மனுவிடம் வருவோம். இல்லறத்தான் தினமும் இடவேண்டிய பலிகளைச் சொல்லும் மூன்றாம் அத்தியாயத்தில், தரையில் உணவு வைக்கப்பட வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று வருகிறது: நாய்கள், சாதியிலிருந்து விழுந்தவர்கள், சுவபசர்கள், பாவத்தின் பலனாக நோய் கண்டவர்கள், காக்கைகள், புழுபூச்சிகள். சுவபசர் என்ற சொல்லுக்கே 'நாயைச் சமைப்பவர்' என்று பொருள். பத்தாம் அத்தியாயம் சண்டாளரும் சுவபசரும் ஊருக்கு வெளியே வசிக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்கள் செல்வம், உடைந்த கலத்தில்தான் அவர்களுக்கு உணவு என்று விதிக்கிறது. இந்தப் பிரதியில் நாய் என்பது ஒரு பிராணியின் பெயரா, ஓர் இடத்தின் பெயரா? அது தரையில் வைத்த சோற்றின் பெயர் என்பேன் நான். சோற்றைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டால், அதைத் தின்பது யாராக இருந்தாலும் நாய்தான். பௌத்தப் பிரதியான மஜ்ஜிம நிகாயத்தில் 'நாய் விரதம்' பூண்ட சேனியன் என்ற துறவி வருகிறான். நாய்போல் வாழ்வதென்று முடிவு செய்த அவன் செய்த முதல் காரியங்களுள் ஒன்று, தரையில் எறிந்ததைத் தின்பது.

எனவே எச்சில் என்பதை மீந்த உணவு என்று மட்டும் புரிந்துகொள்வது போதாது. எச்சில் ஓர் உறவு. என்ன போடப்படுகிறது என்பதைவிட, எப்படிப் போடப்படுகிறது என்பதே அதில் முக்கியம்.

4

இப்போது 'சைவம்' என்ற சொல்லுக்கு வரலாம். ஒரு சமயத்தின் பெயரே ஒரு சாப்பாட்டின் பெயராகவும் ஆகிப்போனது தமிழில். ஈழத்திலும் குமரிப் பக்கத்திலும் வழங்கும் 'மரக்கறி' என்ற சொல்லில் இந்தக் குழப்பமில்லை. அது தட்டில் இருப்பதை மட்டும் சொல்கிறது. 'சைவம்' என்பதோ தட்டைக் காட்டிக்கொண்டே தின்பவனின் பிறப்பையும் சொல்லிவிடுகிறது. இத்தனைக்கும் சிவனின் பைரவ வடிவத்துக்கு வாகனம் நாய். பெரியபுராணத்துக் கண்ணப்பன் வாயில் அதுக்கிப் பதம் பார்த்த கறியை, அதாவது எச்சில் மாமிசத்தை, சிவனுக்குப் படைத்து நாயனார் ஆனான். அந்தச் சிவன் பெயரால் ஒரு சாப்பாடு, அந்தச் சாப்பாட்டில் கறிக்கு இடமில்லை.

'நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்காது' என்றொரு பழமொழி உண்டு. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது எங்கே போகும் என்று சொல்லும் பழமொழியும் உண்டு. இரண்டும் சொல்வது ஒன்றையே: குணம் பிறப்பில் இருக்கிறது, சோற்றால் மாறாது. ஆனால் இந்தப் பழமொழிகளைச் சொல்லும் அதே வீடுகளில்தான், 'எங்க நாய் முட்டைகூடத் தொடாது, சுத்த சைவம்' என்ற பெருமையையும் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே வாயில் எப்படி வருகின்றன?

எம்.என். ஸ்ரீநிவாஸ் 1952-இல் குடகர்களைப் பற்றி எழுதிய நூலில் 'சமஸ்கிருதமயமாதல்' என்று ஒன்றைச் சொன்னார். கீழே வைக்கப்பட்ட ஒரு சாதி புலாலையும் கள்ளையும் விட்டு, மேல்சாதிச் சடங்குகளை எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு தலைமுறையில் ஏணியில் ஏற முயல்வது. தலைமுறைக் கணக்கில் புலாலை விட்டவர்களையும் ஊர் பழைய பெயரிலேயே கூப்பிட்டதுண்டு. நாய்க்கு மட்டும் இந்த ஏற்றம் ஒரே சாயங்காலத்தில் கிடைத்துவிடுகிறது. காரணம் எளிது. நாய் சைவமானால் அது கிணற்றில் பங்கு கேட்காது, கோயிலுக்குள் வர உரிமை கேட்காது, பெண் கேட்காது. அது எசமானனின் சைவத்தை நீட்டித்துக் காட்டும் ஓர் உறுப்பு. மனிதன் சைவமானால் கணக்குக் கேட்பான்.

பிறப்பில் குணம் என்ற வாதத்தை நாயே ஆதரிக்கவில்லை என்பது இதில் வேடிக்கை. கொல்கத்தாவுக்கருகிலுள்ள ஐசர் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைப் பல வருஷமாகக் கவனித்து வருகிறது. 2014-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றின் முடிவு இது: நாய்க்குட்டிகளுக்கு மாமிசத்தின்மேல் பிறவி விருப்பம் எதுவும் தெரியவில்லை, வளர வளர, குப்பையில் இரை தேடும் வாழ்க்கையில், கறி வாசம் வந்தால் முதலில் அதை எடு என்ற விதியை அவை கற்றுக்கொள்கின்றன. வளர்ந்த நாய்க்கு அந்த விருப்பம் பலமாகவே இருக்கிறது. ஆனால் அது பழக்கம், தெருவின் படிப்பு. 'பிறவிக் குணம்' என்று நாம் சொல்லிவந்த எத்தனையோ விஷயங்களை இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

5

மூன்றாவது கட்டம் பொட்டலம். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் 1860-களில் லண்டனில் நாய் பிஸ்கெட் விற்கத் தொடங்கினார். கோதுமை, காய்கறி, பீட்ரூட், கொஞ்சம் உலர்ந்த மாட்டிறைச்சிச் சக்கை: இதுதான் சேர்மானம். 1950-களில் எக்ஸ்ட்ரூஷன் எந்திரம் வந்தது. அழுத்தத்தில் மாவைப் பிதுக்கிப் பொரியவைக்கும் அந்த முறைக்கு மாவுச்சத்து அவசியம். அது இல்லாமல் உருண்டை உருண்டையாக நிற்காது. படத்தில் கறித்துண்டு போட்ட பொட்டலத்துக்குள்ளும் தானியமோ, கிழங்கோ, பயறோ இருந்தே தீரும். எச்சில் இல்லாத நாயை உருவாக்கியது முதலாளியம். நாய் இப்போது வீட்டுச் சோற்றின் மிச்சத்துக்குக் காத்திருப்பதில்லை. அதற்கென்று தனிச் சரக்கு வந்துவிட்டது. இந்தியச் சந்தையில் அதே சரக்கு 'முழுச் சைவம்' என்ற முத்திரையோடும் கிடைக்கிறது.

மேற்கில் நாய்க்குத் தாவர உணவு போடுபவர்கள் வேறொரு வழியில் அங்கே வருகிறார்கள். 1944-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சங்கமும், 1975-இல் பீட்டர் சிங்கர் எழுதிய 'விலங்கு விடுதலை'யும் எழுப்பிய கேள்வி நேர்மையானது: ஒரு நாயின்மேல் உள்ள அன்புக்காக எத்தனை கோழிகள் சாகலாம்? இதை நான் கேலி செய்ய மாட்டேன். 2024-இல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவச் சங்கம், சத்துக் கணக்குச் சரியாக இருந்தால் நாய்க்குத் தாவர உணவு கொடுப்பதை இனி எதிர்ப்பதில்லை என்று தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. பூனை வேறு, டாரின் என்ற சத்தைப் போதுமான அளவு தன் உடம்பில் செய்துகொள்ள அதனால் முடியாது, இயல்பாக அது கிடைப்பது மாமிசத்திலிருந்துதான். நாயால் பெரும்பாலும் செய்துகொள்ள முடியும், அதற்கான புரதம் கிடைத்தால். ஆனால் கோழியின் உயிரைக் கருதி நாய்க்குப் பருப்புப் போடுவதும், தீட்டைக் கருதி நாய்க்குத் தயிர்சாதம் போடுவதும் ஒன்றல்ல. தட்டு ஒன்றுபோல இருக்கலாம். முன்னதில் கேள்வி கோழியைப் பற்றி. பின்னதில் கேள்வி பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி.

6

கறுப்பிக்கு இரண்டாம் வருஷம் முடி கொட்டத் தொடங்கியது. முதுகெலும்பு வெளியே தெரிந்தது. கால்நடை மருத்துவர் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். 'சைவம் தப்பில்ல சார், கணக்கில்லாத சைவந்தான் தப்பு' என்றார். வெறும் சோறும் தயிரும் போதாது. முடி வளர்வதற்கே கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும். பருப்பு, சோயா, வைட்டமின் எல்லாம் அளந்து கொடுக்க முடிந்தால் கொடுங்கள், இல்லையென்றால் முட்டை போடுங்கள் என்றார்.

முட்டை போட்டோம். குக்கரில் அரிசிக்கு அடியில் வைத்து வேகவைத்தால் வாசம் வெளியே போகாது என்று என் மனைவி கண்டுபிடித்தாள். ஓட்டைப் பொட்டலம் கட்டி ஆபீஸ் போகும் வழியில் குப்பைத் தொட்டியில் போடுவது என் வேலை. மூன்று மாசத்தில் கறுப்பிக்கு முடி திரும்ப வந்தது. வீட்டுக்காரர் அவளைத் தடவிக்கொடுத்து, மாடிக்கு வந்த விருந்தாளியிடம் சொன்னார்: 'பாத்தீங்களா பளபளப்ப? எல்லாம் தயிர்சாதம்.' நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவர் கொள்கையின் பெருமைக்கு என் முட்டை சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது; நான் அதை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வீடு போயிருக்கும்.

2019-இல் ஊருக்கே திரும்பிவிட்டோம். அம்மா காலையில் கேப்பைக் களியும், மீன் வாங்குகிற அன்றைக்கு முள்ளை நீக்கிக் கொஞ்சம் அயிலையும் போட்டாள். முதல் நாள் கறுப்பி தட்டை முகர்ந்துவிட்டு, தின்னாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'என்னடா, உன்னயப் பாக்குது?' என்றாள் அம்மா. வாசலில் யாருமில்லை என்று நான் சொன்னேன், நாயிடம்.