கண் மங்கியபோதும் நிற்காத கோடு

கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பக் கூடங்களில் உளி பிடித்துப் பழகும் இளைஞனின் அருகே தந்தையோ ஆசானோ அமர்ந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அக்கலை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த செல்வம். ஆசான் இன்றிக் கலை கைகூடுமா என்னும் ஐயம் நமக்கு எழுவது இயல்பே. அதற்கு விடையாக அமைந்தது ஓவியர் மனோகர் தேவதாஸின் வாழ்வு.

1936-இல் மதுரையில் பிறந்த அவர், ஓவியக் கல்லூரியின் படி ஏறியவர் அல்லர். அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, சென்னையில் மின்கலத் தொழிற்சாலை ஒன்றில் வேதியியலாளராகப் பணியாற்றினார். பேனாவும் மையும் கொண்டு கோபுரங்களையும் பழைய வீதிகளையும் நுணுக்கமாக வரையத் தாமே கற்றுக்கொண்டார். கூர்ந்து நோக்குவதே அவருக்குப் பள்ளியாயிற்று.

அந்த நோக்குக்கே சோதனை வந்தது. விழித்திரையின் ஒளியுணரும் அணுக்கள் சிறிது சிறிதாக அழியும் நோய் அவரைப் பற்றியது. இந்நோயில் முதலில் இரவுப் பார்வை குன்றும். பின்னர்ப் பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியே காண்பதுபோல் நடுப்பகுதி மட்டும் எஞ்சும். மருத்துவத்தால் மீட்கவியலாத இழப்பு அது. 1972-ஆம் ஆண்டின் இறுதியில் நேர்ந்த கார் விபத்தில் அவர்தம் துணைவியார் மஹிமா தோளுக்குக் கீழே செயலிழந்தார்.

ஒருவருக்குக் கண் மங்குகிறது. மற்றவருக்குக் கைகால் அசையவில்லை. இவ்வில்லம் இருளில் மூழ்கியிருக்கும் என்றே நாம் எண்ணுவோம். அவர்களோ பணியைப் பகிர்ந்துகொண்டனர். அவர் பாரம்பரியக் கட்டடங்களை வரைந்தார். மஹிமா அவற்றுக்கு விளக்கவுரை அமைத்தார். அவை வாழ்த்து அட்டைகளாக வெளிவந்து, கிடைத்த பொருள் அறப்பணிகளுக்குச் சென்றது. பார்வை மேலும் குறைந்தபோது உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையோடு கோடு கோடாக வரைந்தார். இளமையில் கண்ட மதுரையை நினைவிலிருந்து மீட்டு, ஆங்கில நூல்களாகவும் படைத்தார்.

மஹிமா 2008-இல் மறைந்தார். 2020-இல் ஓவியருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பர் 7 அன்று சென்னையில் அவர் கண் மூடினார்.

திறமை மட்டும் இவ்வாழ்வைத் தாங்கியிருக்க இயலாது என்றே நமக்குத் தோன்றுகிறது. விபத்துக்குப் பின்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒருவர் குறையை மற்றவர் சுமந்த அன்பன்றோ அக்கோடுகளை நிற்காமல் ஓடச் செய்தது? ஆசான் இல்லாமல் வரையக் கற்றவர், துணை இல்லாமல் அவ்வளவு தொலைவு நடந்திருக்க மாட்டார்.

கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில், வீட்டுச் சுவரில் கரித்துண்டால் மரமும் மாடும் வரையும் சிறுவனை நாம் என்றேனும் காணக்கூடும். சுவர் அழுக்காகிறதே என்று அதட்டுமுன் ஒரு கணம் நின்று பார்ப்போம். ஆசானை நம்மால் தர இயலாமற் போகலாம். ஒரு தாளும் பென்சிலும், அருகமர்ந்து பார்க்கும் சிறு பொழுதும் தர இயலாதா?