தந்தையின் மறுமுகம்

அமெரிக்கப் பெண் எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்னும் நாவல், மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. அலபாமா மாநிலத்துச் சிற்றூரொன்றில் வளரும் ஸ்கவுட் என்னும் சிறுமி சொல்லும் கதை அது. வெள்ளைப் பெண்ணொருத்தியின் கற்பைக் கெடுத்தான் என்று டாம் ராபின்சன் என்னும் கறுப்பர்மீது பொய்ப்பழி சுமத்தப்படுகிறது. சிறுமியின் தந்தை, வழக்கறிஞர் அட்டிகஸ், அவருக்காக வாதாடுகிறார். பழி பொய்யென்பது வெளிப்பட்டும் ஜூரிகள் குற்றவாளி என்றே தீர்ப்பளிக்கின்றனர். நீதிமான் எனின் அட்டிகஸ் என்னுமளவிற்கு வாசகர் அவரை நெஞ்சில் இருத்தினர்.

இத்தகைய கொடுமை கதையில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1931 மார்ச்சில் அதே மாநிலத்தில், சரக்கு இரயிலில் சென்ற கறுப்பின இளைஞர் ஒன்பதின்மர்மீது இதே பழி விழுந்தது. ஸ்காட்ஸ்பரோ நகரில் ஏறத்தாழ இரு வாரங்களுக்குள் எண்மருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1932-இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. மறு விசாரணையில், குற்றஞ்சாட்டிய பெண்கள் இருவருள் ஒருத்தி தம் கூற்று பொய்யென்று சாட்சி சொன்ன பின்னரும் ஜூரிகள் தண்டித்தனர். அத்தீர்ப்பை ரத்துச் செய்த நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன், 1934 தேர்தலில் பதவியிழந்தார். கறுப்பரை ஜூரியில் சேர்க்காது ஒதுக்கிய வழக்கம் முறையற்றது என 1935-இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. எவருக்கும் மரண தண்டனை நிறைவேறவில்லை. இளமையோ சிறையில் கழிந்தது.

2015-இல் லீயின் மற்றொரு நாவல் வெளிவந்தது. முதல் நாவலுக்கு முன்னரே எழுதப்பெற்றது அது. அதில் இருபத்தாறு வயதுப் பெண்ணாக ஊர் திரும்பும் ஸ்கவுட், கறுப்பருக்குச் சமவுரிமை கூடாது என்போர் கூட்டத்தில் தந்தை அமர்ந்திருக்கக் காண்கிறாள். வாசகர் பலர் மனமுடைந்தனர். ஆயினும் இவ்விரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும் என்பேன். ஒருவனுக்காக மன்றத்தில் வாதாடுவது வேறு. அவனைத் தனக்கு நிகராக அருகில் அமர்த்துவது வேறு. முன்னதைச் செய்தவரெல்லாம் பின்னதைச் செய்துவிடுவதில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அன்புத் தோழர் அபூதர் (ரலி) ஒருவரை அவர்தம் தாயைச் சொல்லி இழித்துரைத்தபோது, அறியாமைக் காலத்தின் கறை இன்னும் உம்மிடம் உள்ளதென நபியவர்கள் கண்டித்தார்கள். நல்லாரிடத்தும் கறை தங்கும். அபூதர் அக்கண்டனத்தை ஏற்றார். பின்னாளில் தாம் உடுத்ததைப் போன்ற ஆடையையே தம் பணியாளுக்கும் உடுத்தினார் எனப் புகாரி நூல் கூறுகிறது.

பெற்றோருக்கு எதிராயினும் நீதிக்குச் சான்று பகர வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. அவர்களோடு நல்லவிதமாக வாழுமாறும் திருமறையே பணிக்கிறது. ஸ்கவுட் தந்தையைக் கடுமையாக எதிர்த்தாள். இறுதியில் அவரைக் கைவிட்டாளில்லை. குலமும் நிறமும் பார்த்து நாம் பேசும் சொல்லை நம் மக்கள் சுட்டிக் காட்டுங்கால், அதனை அவமதிப்பெனக் கொள்ளாது செவிமடுப்போமாக!