விழுதல் விபத்துகள்: கனிய மணல், உலோகத் தொழிற்சாலைகள்

தாதுவைப் பிரிக்கும் ஆலைகளிலும் உலோகத்தை உருக்கி, வார்த்து, வெட்டி ஒட்டும் பட்டறைகளிலும் வேலையாட்கள் வழுக்கியோ தடுக்கியோ நின்ற தளத்திலேயே விழுவதும், ஏணி, மேடை, கூரை ஆகியவற்றிலிருந்து விழுவதும் இவ்வகை விபத்துகள்.

இலங்கையில் உலோகத் தாதுப் பிரிப்புக்குப் பேர்போன ஊர் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. 1957இல் உருவான கனிய மணல் கூட்டுத்தாபனத்தின் வழிவந்த அரச நிறுவனம், இவ்வூர்க் கடற்கரை மணலிலிருந்து டைட்டேனியத் தாதுக்களான இல்மனைட், ரூட்டைல் ஆகியவற்றையும் சேர்கோனையும் பிரித்தெடுக்கிறது.

நீர், காந்தம், மின்னேற்றம் எனப் படிப்படியாகப் பிரிக்கும் இத்தகைய ஆலைகளில் மணலை உயரே ஏற்றிக் கீழே வழியவிடுவார்கள். ஆகவே மாடிப்படிகளும் இரும்பு நடைமேடைகளும் ஏராளம். இரும்புத் தகட்டில் சிந்திய உலர்மணல் காலடியில் உருளும். கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கைப்பிடிக் கம்பி தளத்தோடு பொருந்தும் அடிப்பகுதியில், பூச்சுக்கு அடியிலேயே துரு தின்றுவிடும். பார்வைக்கு உறுதியாக நிற்கும் கம்பி, சாய்ந்ததும் கையோடு வந்துவிடும்.

பட்டறைகளில் வெட்டெண்ணெய், உலோகச் சுருள்கள், குறுக்கே கிடக்கும் வயர்கள் ஆகியன காரணம். முகமூடி அணிந்து ஒட்டுவேலை செய்பவருக்குத் தீப்பொறிக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஓரடி பின்வைத்தால் மேடை விளிம்பு. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடு ஆள் பாரம் தாங்காது. பலகை போடாமல் அதில் ஏறவே கூடாது.

2 மீற்றர் உயரத்திலிருந்து விழுபவர் அரை நொடிக்குச் சற்று அதிகமான நேரத்தில், மணிக்கு சுமார் 22 கிலோமீற்றர் வேகத்தில் தரையில் மோதுகிறார். சமாளித்துக்கொள்ள அவகாசமில்லை. விபத்தைத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடிப்பது அநியாயம். துருவேறிய கம்பியை மாற்றுவது அவர் கையில் இல்லை.

தடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. கீழே வைத்துச் செய்யக்கூடிய வேலையை மேலே செய்யாதிருப்பது முதலாவது. அடுத்தது உறுதியான தடுப்புக்கம்பி. பாதுகாப்புப் பட்டி கடைசி வழிதான். பட்டியில் அசையாது தொங்குபவரின் இரத்தம் கால்களில் தேங்கி உயிராபத்து நேரலாம் என்பதால், சில நிமிடங்களில் அவரை இறக்க ஆளும் ஏற்பாடும் இருக்க வேண்டும்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, உயிரிழப்பையோ மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய இயலாமையையோ ஏற்படுத்தும் விபத்தைத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது. அதன் உச்சவரம்பு 2022இல் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது.