அமெரிக்காவில் குடியேறுபவர்களால் லாபமா, நஷ்டமா? இரண்டு கட்சிகளும் வேறு வேறு கணக்கு சொல்வது ஏன்?

"வெளியிலிருந்து வருபவர்கள் நம் வேலையைப் பறிக்கிறார்கள், நம் வரிப்பணத்தில் வாழ்கிறார்கள்" என்கிறது ஒரு தரப்பு. "அவர்கள் இல்லாவிட்டால் நம் பொருளாதாரமே ஓடாது" என்கிறது இன்னொரு தரப்பு. அமெரிக்காவில் எந்தத் தேர்தல் வந்தாலும் இந்தச் சண்டை வந்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்பும் கையில் புள்ளிவிவரத்தோடுதான் பேசுகிறார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மையும் இருக்கிறது. அது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்?

பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 2023-ல் அமெரிக்காவில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் சுமார் 4.78 கோடி பேர். மக்கள்தொகையில் இது 14 சதவீதத்துக்கு மேல். இதில் உரிய ஆவணங்கள் இல்லாதவர்கள் சுமார் 1.4 கோடி பேர்.

இவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. எச்-1பி விசாவில் போகும் சாஃப்ட்வேர் இன்ஜினீயர், உறவினர் மூலம் கிரீன் கார்டு வாங்கியவர், எல்லையில் வந்து அடைக்கலம் கேட்பவர், விசா முடிந்த பிறகும் ஊர் திரும்பாதவர், ரகசியமாக எல்லை தாண்டியவர் எனப் பல வகை. ஒவ்வொரு வகைக்கும் சட்டம் வேறு, பொருளாதார விளைவும் வேறு. ஆனால், மேடைப் பேச்சில் எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு கட்சிகளும் என்ன சொல்கின்றன?

குடியரசுக் கட்சியின் வாதம் இது: எல்லையைக் கட்டுப்படுத்தாத நாடு நாடே இல்லை. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் உள்ளூர்த் தொழிலாளியின் சம்பளம் உயராது. பள்ளி, மருத்துவமனை, வீட்டு வாடகை என எல்லாவற்றிலும் சுமை கூடும். டொனால்ட் ட்ரம்ப் கையெழுத்திட்டு 2025 ஜூலை 4-ல் சட்டமான மசோதாவில், குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் சுமார் 17,000 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

ஜனநாயகக் கட்சியின் வாதம் வேறு: பிறப்பு விகிதம் குறைந்துகொண்டே போகிறது, வேலைக்கு ஆள் தேவை. வருபவர்கள் வரி கட்டுகிறார்கள், தொழில் தொடங்குகிறார்கள். பல ஆண்டுகளாக அங்கேயே வாழ்பவர்களுக்குச் சட்டபூர்வ அந்தஸ்து கொடுத்தால் நாட்டுக்கே லாபம்.

ஒரு தரப்பு 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்கிறது, இன்னொரு தரப்பு 'ஆவணமற்றவர்கள்' என்கிறது. என்ன பெயர் வைப்பது என்பதிலேயே சண்டை ஆரம்பமாகிவிடுகிறது.

கூலி உண்மையிலேயே குறையுமா?

இதற்குப் பொருளாதார நிபுணர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் உதாரணம் மயாமி. 1980-ல் கியூபா அரசு மரியல் துறைமுகத்தைத் திறந்துவிட, சில மாதங்களில் சுமார் 1.25 லட்சம் கியூபர்கள் படகில் ஃபுளோரிடா வந்து சேர்ந்தார்கள். மயாமி நகரத்தில் வேலை செய்யக்கூடியவர்களின் எண்ணிக்கை ஒரேயடியாக 7 சதவீதம் அளவுக்கு உயர்ந்தது.

கூலி சரிந்ததா? இல்லை என்றார் டேவிட் கார்டு. 1990-ல் வெளியான அவருடைய ஆய்வில், மற்ற நகரங்களோடு ஒப்பிட்டபோது உள்ளூர்த் தொழிலாளர்களின் சம்பளத்தில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. தொழிலாளர் சந்தை பற்றிய ஆய்வுகளுக்காக 2021-ல் இவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

ஆனால், ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே மயாமி கணக்கை மறுபடியும் பிரித்துப் பார்த்தார். பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் தனியாக எடுத்தால், கூலி 10 முதல் 30 சதவீதம் வரை குறைந்ததாகச் சொன்னார். போர்ஹாஸும் சிறுவயதில் கியூபாவிலிருந்து அகதியாக வந்தவர்தான். அவர் எடுத்த மாதிரி மிகச் சிறியது, அதை வைத்து முடிவுக்கு வர முடியாது என்று வேறு சிலர் மறுத்தார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016-ல் பல ஆய்வுகளையும் அலசி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. அதன் சாரம் இதுதான்: நீண்ட காலத்தில் உள்ளூர்க்காரர்களின் ஒட்டுமொத்தச் சம்பளத்தில் பாதிப்பு மிகக் குறைவு. பாதிப்பு வந்தால், அது பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களுக்கும், ஏற்கெனவே வந்து குடியேறியவர்களுக்கும்தான் அதிகம்.

அதாவது, சராசரியைப் பார்த்தால் பாதிப்பு இல்லை. அந்த சராசரிக்குள் இருக்கும் ஏழைத் தொழிலாளியைப் பார்த்தால் இருக்கலாம். ஜனநாயகக் கட்சி முதல் வரியைப் படிக்கிறது, குடியரசுக் கட்சி இரண்டாவது வரியைப் படிக்கிறது.

வரிப்பணம்: வரவு ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு

இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள இந்தப் பகுதிதான் முக்கியம்.

சிபிஓ எனப்படும் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் எந்தக் கட்சியையும் சாராதது. 2021-க்குப் பிறகு திடீரென அதிகரித்த குடியேற்றத்தால் என்ன ஆகும் என்று அது கணக்குப் போட்டது. 2024 முதல் 2034 வரையிலான காலத்தில் மத்திய அரசின் பட்ஜெட் பற்றாக்குறை சுமார் 90,000 கோடி டாலர் குறையும் என்று 2024 ஜூலையில் சொன்னது. காரணம் எளிது. வந்தவர்களில் பெரும்பாலானோர் வேலை செய்யும் வயதினர், வரி கட்டுகிறார்கள். ஆனால், மத்திய அரசின் பல உதவித் திட்டங்களுக்கு அவர்கள் தகுதி பெற மாட்டார்கள்.

அதே சிபிஓ 2025-ல் இன்னொரு அறிக்கை கொடுத்தது. அதில், இதே குடியேற்றத்தால் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு 2023-ம் ஆண்டில் மட்டும் நிகரமாக 920 கோடி டாலர் செலவு என்றது.

ஒரே அலுவலகம், ஒரே மக்கள். ஆனால், மத்திய அரசுக்கு வரவு, மாநிலத்துக்கும் நகராட்சிக்கும் செலவு. ஏன்?

வருமான வரியில் பெரும்பங்கும் சமூகப் பாதுகாப்பு வரியும் மத்திய அரசுக்குப் போகின்றன. பிள்ளைகளின் பள்ளிச் செலவு உள்ளூர் நிர்வாகத்தின் தலையில் விழுகிறது. ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் தர வேண்டும் என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். 2022 முதல், டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் எல்லைக்கு வந்தவர்களைப் பஸ் ஏற்றி ஜனநாயகக் கட்சி ஆளும் நகரங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். வேறு வழிகளிலும் பலர் வர, நியூயார்க் நகரத்துக்கு வந்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள். வீடில்லாதவருக்கு இடம் தர வேண்டிய கட்டாயம் அந்த நகரத்துக்கு 1981 முதலே உண்டு. ஆனால், அடைக்கலம் கேட்டவருக்கு விண்ணப்பித்து சுமார் 6 மாதம் வரை வேலை செய்ய அனுமதி கிடையாது. அது மத்திய அரசின் விதி. வேலை செய்யவும் விடாமல், சோறு போடும் பொறுப்பை மட்டும் நகரத்திடம் தள்ளினால் என்ன ஆகும்? ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மேயர் எரிக் ஆடம்ஸே தன் கட்சியின் அதிபரைப் பகிரங்கமாக விமர்சித்தார்.

காலத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். அதே 2016 அறிக்கையின்படி, முதல் தலைமுறைக் குடியேறிகளால் மாநிலங்களுக்குச் செலவு அதிகம். அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனதும், நாட்டிலேயே அதிக வரி கொடுக்கும் பிரிவினரில் ஒருவராகிவிடுகிறார்கள். இன்று பள்ளிக்கூடம் கட்டும் நகராட்சிக்கு அந்த லாபத்தைப் பார்க்க 20 வருடம் ஆகும். மேயர் தேர்தலோ 4 வருடத்துக்கு ஒருமுறை.

எந்த நம்பரை நம்புவது?

ஆவணமற்றவர்கள் 2022-ல் 9,670 கோடி டாலர் வரி கட்டினார்கள் என்கிறது இடதுசாரிச் சாய்வுள்ள ஐடெப் என்ற ஆய்வு அமைப்பு. இவர்களால் ஆண்டுக்கு 15,070 கோடி டாலர் நிகரச் செலவு என்று 2023-ல் சொன்னது, குடியேற்றத்தைக் குறைக்கக் கோரும் ஃபேர் என்ற அமைப்பு.

முதல் கணக்கில் வரவு மட்டும்தான் இருக்கிறது, செலவைத் தொடவே இல்லை. இரண்டாவது கணக்கில், அமெரிக்காவிலேயே பிறந்து அமெரிக்கக் குடிமக்களாக இருக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும்போதே விடையும் பாதி முடிவாகிவிடுகிறது.

கட்சிகள் எப்போதும் இப்படித்தானா?

இல்லை. 1986-ல் சுமார் 27 லட்சம் ஆவணமற்றவர்களுக்குச் சட்டபூர்வ அந்தஸ்து கிடைக்க வழிசெய்த சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி அதிபர் ரொனால்ட் ரீகன். அந்தக் காலத்தில் கூலி குறையும் என்று பயந்து குடியேற்றத்தை எதிர்த்தவர்களில், ஜனநாயகக் கட்சிக்கு நெருக்கமான தொழிற்சங்கங்களும் இருந்தன. அவற்றின் கூட்டமைப்பு 2000-ல்தான் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

2013-ல் இரு கட்சி எம்.பி.க்களும் சேர்ந்து கொண்டுவந்த சீர்திருத்த மசோதா செனட்டில் 68-க்கு 32 என்ற வாக்குகளில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2024 பிப்ரவரியில், எல்லைக் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கும் இன்னொரு கூட்டு மசோதா வந்தது. ட்ரம்ப் எதிர்த்ததும் அது செனட்டிலேயே படுத்துவிட்டது. பிரச்னை தீர்வதைவிட, பிரச்னை இருப்பதுதான் தேர்தலில் உதவும் என்று கட்சிகள் நினைக்கின்றனவோ என்ற சந்தேகம் வருவது இதனால்தான்.

ஆட்களை அனுப்பிவிட்டால் என்ன ஆகும்?

அமெரிக்கப் பண்ணைகளில் பயிர் வேலை செய்பவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் ஆவணமற்றவர்கள். ஸ்ட்ராபெரி பறிக்கும் வேலைக்கு உள்ளூர் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. 2025 ஜூனில், தன் கெடுபிடியால் பண்ணைகளும் ஹோட்டல்களும் நீண்டகாலத் தொழிலாளர்களை இழப்பதாக ட்ரம்பே ஒப்புக்கொண்டார். அங்கெல்லாம் சோதனையை நிறுத்திவைக்கச் சொன்ன அரசு, சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது.

அதற்கு மறுதரப்பு கேட்பதும் நியாயமான கேள்விதான்: மலிவான ஆள் கிடைப்பதால்தானே முதலாளிகள் கூலியை உயர்த்தாமல் இருக்கிறார்கள்? கூலியை உயர்த்தினால் உள்ளூர்க்காரர் வரலாம், ஆனால் காய்கறி விலையும் உயரும். அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கத் தயாரா என்று மட்டும் எந்தக் கட்சியும் வாக்காளரிடம் கேட்பதில்லை.

எச்-1பி: இங்கே மட்டும் கட்சிக் கோடு அழிகிறது

நம்ம ஊர் வீடுகளில் அதிகம் பேசப்படும் எச்-1பி விவகாரம் கொஞ்சம் வேறு மாதிரி. 2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக ட்ரம்ப் அறிவித்ததும் அவருடைய ஆதரவாளர்களுக்குள்ளேயே சண்டை வெடித்தது. எலான் மஸ்க் எச்-1பியை ஆதரித்தார், ஸ்டீவ் பேனன் எதிர்த்தார். மறுபக்கம், இடதுசாரித் தலைவர் பெர்னி சாண்டர்ஸும் இந்த விசாவைக் கடுமையாக விமர்சித்தார். குறைந்த சம்பளத்துக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகள் இதைப் பயன்படுத்துகின்றன என்பது அவர் வாதம்.

2025 செப்டம்பரில், புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ட்ரம்ப் அறிவித்தார். அன்றைய மதிப்பில் சுமார் 88 லட்சம் ரூபாய். எச்-1பி ஒப்புதல்களில் சுமார் 70 சதவீதம் இந்தியர்களுக்குப் போவதால், அடி முதலில் இங்கேதான் விழுந்தது.

இதைவிடப் பழைய பிரச்னை கிரீன் கார்டு. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு சுமார் 1.4 லட்சம் கிரீன் கார்டுகள்தான். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே அளவு! விளைவு, இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. சிறுவயதில் பெற்றோரோடு போன பிள்ளைக்கு 21 வயதாகும்போதும் கிரீன் கார்டு வரவில்லையென்றால், பெற்றோரின் விசாவில் தொடர முடியாது. மாணவர் விசா வாங்க வேண்டும், இல்லையென்றால் தனக்கு நினைவே இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டும். இந்தக் குடும்பங்கள் சட்டப்படி போனவர்கள், வரி கட்டுபவர்கள். இவர்கள் மீது இரண்டு கட்சிகளுக்குமே பெரிய கோபம் இல்லை. ஆனாலும், மற்ற சண்டை முடியாததால் இந்த விதியும் 1990 முதல் மாறாமல் அப்படியே கிடக்கிறது.

சரி, அப்போ யார் சொல்றது சரி?

குடியேற்றத்தால் அமெரிக்கப் பொருளாதாரம் வளர்கிறது என்பதில் பெரும்பாலான பொருளாதார நிபுணர்களுக்குச் சந்தேகம் இல்லை. 2030களின் தொடக்கத்தில் அங்கே பிறப்பைவிட இறப்பு அதிகமாகும் என்பது சிபிஓ கணிப்பு. அதன்பிறகு மக்கள்தொகை கூட வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஆள் வந்தால்தான் உண்டு.

ஆனால், அந்த வளர்ச்சி எல்லோர் வீட்டுக்கும் சமமாகப் போவதில்லை. கம்பெனிக்கும், பொருள் வாங்குபவருக்கும், மத்திய அரசுக்கும் லாபம். எல்லையோர நகராட்சிக்கும், நேற்று வந்த இன்னொரு குடியேறிக்கும் சுமை. லாபம் பார்க்கும் இடத்திலிருந்து சுமை தாங்கும் இடத்துக்குப் பணம் போய்ச்சேர ஒரு வழி இருந்தால், சண்டையில் பாதி குறையும். அதற்குச் சட்டம் வேண்டும், சட்டத்துக்கு இரண்டு கட்சிகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

அதுவரை, 'குடியேறிகளால் இத்தனை கோடி லாபம்', 'இத்தனை கோடி நஷ்டம்' என்று போனில் செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்த வகைக் குடியேறிகள்? யாருடைய கஜானா? எத்தனை வருடக் கணக்கு? இந்த மூன்றும் சொல்லப்படவில்லை என்றால், அந்த நம்பரை ஃபார்வர்டு செய்யாமல் இருப்பதே நல்லது.